கழி எட்டாத நடுத் தடம்

நீச்சல் சம்மேளனத்தின் குளத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது தண்ணீர் அல்ல, சுவர். 'அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவான்' என்று ஆள் உயர எழுத்தில் அதில் எழுதியிருக்கும். அதன் கீழே ஒரு கொக்கியில் மூங்கில் கழி தொங்கும். முங்குகிறவரிடம் நீட்டிக் கரையேற்றுவதற்கென்று வாங்கிய கழி. பிடித்துக்கொள்ள முனையில் ரப்பர் வளையம் உண்டு. இதுவரை அதைப் பிடித்துக் கரையேறியவர் ஒருவரும் இல்லை. அதனிடம் வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் குதித்தவர்கள்தான் அத்தனை பேரும்.

கழியைக் கையாள்பவர் பெயரே கழி மாஸ்டர் என்று ஆகிவிட்டது. மேடையிலிருந்து குதிக்கத் தாமதித்தால் கெண்டைக்காலில் விழும். சுவரைத் தொட்டுத் திரும்பும்போது மூச்சு வாங்குவதற்காக விளிம்பைப் பிடித்தால் விரல் முட்டியில் விழும். விரல் வீங்காத பிள்ளை ஒன்று குளத்தில் இருந்தால், அது நேற்று விடுப்பில் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குத் 'தொடக்க அடி' என்று ஒரு நிகழ்ச்சி நடக்கும். தலைவர் ரிப்பன் கட்டிய கழியால் ஆளுக்கொன்று வைப்பார். பெற்றோர் கைதட்டுவார்கள். அழாத பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம். அழுத பிள்ளைக்கு இன்னொரு அடி. தலைவருக்கு நீச்சல் தெரியாது. அதை அவரே மேடையில் பெருமையாகச் சொல்வார்.

"மாட்டு வைத்தியர் வைக்கோல் திங்கணுமா என்ன?"

இந்தக் குளத்தில்தான் சோப்பு நீந்தக் கற்றாள். அவளுடைய அம்மா அங்கே தரை கழுவுகிறவள். அப்பா தானியக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். குழந்தையாக இருந்தபோது யார் பிடித்தாலும் நழுவி ஓடியதால், கிடங்கு ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் சோப்பு. அம்மா வேலை செய்யும் நேரமெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு நாள் இடுப்பை நனைத்தது. அப்புறம் வெளியே வரவேயில்லை. பதினைந்து வயதில் தேசியப் போட்டியின் நூறு மீட்டரில், தலைவரின் முடி கருப்பாக இருந்த காலத்திலிருந்து யாரும் தொடாத இளையோர் சாதனையை உடைத்துவிட்டாள். நேரம் எடுத்தவர்கள் மூவரும் தங்கள் கடிகாரங்களைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் காதில் வைத்தும் பார்த்தார்.

சாதனை நடந்துவிட்டால் அதைச் செய்தது யார் என்று கண்டுபிடிக்காமல் சம்மேளனம் ஓயாது. நீந்தியவள் செய்தாள் என்று சொல்வது அங்கே அநாகரிகம். தலைவர், கழி மாஸ்டர், விளையாட்டு அறிவியல் படித்த டாக்டர் மூவரும் குழுவாக உட்கார்ந்து அவள் அப்பா மூட்டைக்காரரை வரவழைத்தார்கள். அவர் கிடங்கிலிருந்து அப்படியே வந்திருந்தார். கழுத்திலும் புருவத்திலும் தவிட்டுத் தூசி. நாற்காலியில் உட்கார்ந்தால் அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டார்.

"பொண்ணை எந்த வயசுல அடிக்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"நான் அடிச்சதில்லைங்க."

"அப்ப அம்மாவா?"

"அவ கை ஓங்குவாங்க. கை கீழ வர்றதுக்குள்ள இது தெருமுனை தாண்டியிருக்கும்."

"அப்ப வீட்டுப் பங்கு ஒண்ணுமில்ல," என்றார் தலைவர். "முழுப் பெருமையும் நம்ம கழிக்குத்தான்."

கழி மாஸ்டர் கூச்சத்தோடு தரையைப் பார்த்தார். அத்தோடு விட்டிருக்கலாம். பெரிய மனிதர்கள் கூப்பிட்டுக் கேட்கிறார்களே, நாலு வார்த்தை உபயோகமாகச் சொல்வோம் என்று மூட்டைக்காரருக்குத் தோன்றிவிட்டது.

"போட்டி அன்னிக்கு மாஸ்டர் கரையோரம் கோடித் தடத்துப் பிள்ளையைத்தானே அடிச்சிட்டிருந்தாரு. இவ மேல படலையேங்க. வேகமா நீந்துறவங்களுக்கு நடுத் தடம் குடுப்பீங்கல்ல, அங்க கழி எட்டாது. அதனாலதான் இவளுக்கு நடுத் தடம்னா உசுரு. அதைப் பிடிக்கணும்னுதான் இந்த ஓட்டம் ஓடுறா."

மூவரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். நல்லதாகத்தான் எதையோ சொல்லியிருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "நாட்டோட சிறந்த பிள்ளைங்க இத்தனை வருஷமா அடியில்லாம நீந்திட்டிருந்திருக்காங்க. ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே. எவ்வளவு பெரிய இழப்பு."

அந்த வாரமே மூன்று துண்டாக மாட்டும் அலுமினியக் கழி வந்து இறங்கியது. நடுத் தடத்துக்கும் எட்டும் என்று உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் கழி மாஸ்டர் அதைத் தூக்கித் திரும்பியபோது பின்முனை நேரக்காப்பாளரின் முன்பல்லைப் பெயர்த்தது. இரண்டாவது திருப்பத்தில் சுவர்க் கடிகாரம் விழுந்தது. மூன்றாவதாக அது எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது.

வீட்டில் சோப்பு குப்புறப் படுத்துக் கிடந்தாள். தோளில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. அம்மா வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து வைத்துக்கொண்டே புருஷனிடம் பேசினாள்.

"வாயை வாடகைக்கு விட்டுட்டு வந்தீங்களா? எட்டாத கழியை எட்ட வச்சிட்டு வந்திருக்கீங்களே."

"நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"உங்க நல்லதை எல்லாம் கிடங்கோட வச்சுக்கங்க. போதும். நாளையிலருந்து இவ அங்க வர வேணாம்."

"வருவேன்," என்றாள் சோப்பு, தலையணைக்குள்ளிருந்து. "வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கப் போறாங்க. அடுத்த வருஷம் வயசு தாண்டிரும். போனா இப்பதான்."

"போறதுக்குள்ள எலும்பு மிஞ்சணுமேடி."

"தண்ணிக்குள்ள இருக்கிறப்ப ஒண்ணும் தெரியலம்மா. அடி எல்லாம் கரையிலதான். கரையில கொஞ்ச நேரம்தானே இருக்கேன்."

அம்மா துணியை மறுபடி நனைத்தாள். மூட்டைக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அலுமினியக் கழி வளைந்து உதவாமல் போனது. டாக்டர் அதற்காக வருந்தவில்லை; அவரிடம் ஒரு கோட்பாடு பிறந்திருந்தது. சாதனை நாளில் அடி விழுந்தது கோடித் தடத்தில். வேகம் வந்தது நடுத் தடத்தில். ஆகவே அடி ஒருவருக்கும் பலன் இன்னொருவருக்கும் போய்ச் சேர முடியும். இதற்கு 'மறைமுக அடி' என்று பெயரிட்டார். தலைவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கோடித் தடத்தில் நீந்துகிறவள் சோப்புவின் தோழி, ஆமை என்று எல்லோரும் கூப்பிடும் பெண். தப்பில்லாமல் நீந்துவாள், மெதுவாக. அவளைச் சம்மேளனம் முறைப்படி தேசிய அணியில் சேர்த்தது. பதவி: துணை வீராங்கனை. வேலை: சோப்பு மேடையில் ஏறி நிற்கும்போது, காதில் கேட்கும் தூரத்தில் அடி வாங்குவது. நீல நிறச் சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். நெஞ்சில் சம்மேளனச் சின்னம் இருந்தது. அவள் அப்பா முடி வெட்டுகிறவர். கடைக்கு வந்தவர் தலையையெல்லாம் பாதியில் நிறுத்திவிட்டு, "நம்ம பாப்பா தேசிய அணியில இருக்கு" என்று சொன்னார். என்ன பிரிவில் என்று கேட்டவர்களுக்கு, "தனிப் பிரிவு" என்றார்.

ஆமை நன்றாகவே வாங்கினாள். உடை மாற்றும் அறையில் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

"ஏய், நீ கத்தாதடி. நீ கத்தினா எனக்குக் கால் வர மாட்டேங்குது," என்றாள் சோப்பு.

"கத்தலைன்னா இன்னொண்ணு போடுறாரு. சத்தம் உனக்குக் கேக்கணுமாம். நீ சீக்கிரம் குதிச்சுத் தொலையேன்."

"குதிச்சா நிறுத்துறாரா?"

"எங்க நிறுத்துறாரு. நீ திரும்பி வர்ற வரைக்கும் ஓடுது."

இருவரும் சிரித்தார்கள். ஆமை சிரிக்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

தேர்வுக்கு முந்தைய பந்தயத்தில் ஆமையின் காறை எலும்பு முறிந்தது. மரக்கிளை ஒடிகிற சத்தம் பார்வையாளர் வரிசை வரைக்கும் கேட்டது. பாதித் தூரத்தில் இருந்த சோப்பு நின்றுவிட்டாள். தடக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கி, தோழி இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நீந்தி முடித்தார்கள். ஆமைக்கு மாலை போட்டுக் கைதட்டி ஓய்வு கொடுத்தார்கள். மாலையை அவள் கழுத்தில் போட முடியாததால் அப்பாவின் கழுத்தில் போட்டார்கள்.

சோப்பு நின்றது ஏன் என்று ஆராயக் குழு மறுபடி கூடியது. முறிந்த எலும்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அது அவர்கள் துறை அல்ல. அடி கேட்டதும் பிள்ளை ஓடாமல் நிற்கிறதென்றால் அஸ்திவாரம் சரியில்லை என்று முடிவானது. அஸ்திவாரம் என்பது வீடு. மூட்டைக்காரரைக் கூப்பிட்டுத் தலைவர் பொறுமையாக விளக்கினார்.

"கழியால அடிக்கிறது நாங்க. ஆனா மொத அடி பெத்தவன் கையால விழணும். உங்க பொண்ணுக்கு அது விழவே இல்ல. அதை இப்பப் போட்டுரலாம். குழு முன்னாடி நீங்க ஒரு அடி, சரியான அடி, அடிச்சுக் காட்டணும். காட்டினா பொண்ணு விமானம் ஏறும். இல்லைன்னா அடுத்த பிள்ளை தயாரா இருக்கு. அவங்கப்பன் நேத்தே வந்து, இப்பவே அடிக்கட்டுமான்னு கேட்டான்."

மூட்டைக்காரர் கிடங்குக்குத் திரும்பி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன மாமா, பெரிய உத்தியோகம் குடுத்திருக்காங்களாம்ல."

"உன் கையில ஒண்ணு வாங்கினா பிள்ளை வெளிநாட்டுக்கு விமானமில்லாமலே போயிருமேய்யா."

அவர் சிரிக்காததைப் பார்த்து அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். இளவயதில் நாடகத்தில் வில்லனாக நடித்த ஒருவர் கிட்டே வந்து உட்கார்ந்தார். அவரை எல்லோரும் வில்லன் என்றே கூப்பிடுவார்கள்.

"நான் மேடையில எத்தனை பேரை அறைஞ்சிருக்கேன், ஒருத்தனுக்கும் வலிச்சதில்ல. கையைக் கன்னத்தை ஒட்டினாப்பல வீசிரு. அதே நேரத்துல அவ தொடையில தட்டிக்கணும். சத்தம் அங்கருந்து வரும். பாக்குறவன் கன்னத்துலருந்து வந்துச்சுன்னு நெனச்சுக்குவான்."

அன்று மாலை ஒற்றை அறை வீட்டில் ஒத்திகை நடந்தது. அப்பா கையை வீசினார். சோப்பு தொடையில் தட்டி, அலமாரி வரை சுழன்று போய்ப் பாத்திரங்களோடு விழுந்தாள். நாலாவது தடவை அத்தனை அழகாக விழுந்து, ஒரு காலைத் தூக்கி உதறிவிட்டுச் செத்துப்போனாள்.

"பீரங்கியாலயா சுட்டாரு?" என்றாள் அம்மா. "ஒரு அறைக்கு இவ்வளவு வேணாம்டி." வாயை மூடிக்கொண்டு அவளும் சிரித்துவிட்டாள்.

கூட்ட அறையில் மேசைக்குப் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டு வட்டம். பெரியது பெற்றவருக்கு, சிறியது பிள்ளைக்கு. தலைவர் எழுந்து, குடும்பம்தான் நாட்டின் முதல் பயிற்சிக்கூடம் என்றும், தன்னுடைய அப்பா தன்னைக் கிணற்றுக் கயிற்றால் அடித்திருக்காவிட்டால் தான் இன்று இந்த நாற்காலியில் இருந்திருக்க முடியாதென்றும் பேசினார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மூட்டைக்காரர் கையை வீசினார். பளீரென்று சத்தம். சோப்பு சுழன்று விழுந்தாள். தலைவர், "சபாஷ்" என்றார். கழி மாஸ்டர், ஒரு கலைஞர் இன்னொரு கலைஞரைப் பார்ப்பது போலத் தலையசைத்தார். டாக்டர் மட்டும் மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, கைவிளக்கை அவள் கன்னத்தில் அடித்துப் பார்த்தார்.

"சிவக்கலையே."

விளக்கு நீச்சல் உடைக்குக் கீழே தொடைக்கு இறங்கியது.

"கன்னம் சிவக்கல. தொடை சிவந்திருக்கு. நாடகம் போடுறாங்க சார்."

தலைவரின் முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. "தேசத்துக்கிட்ட நடிக்கலாமா? இன்னொரு வாய்ப்பு தர்றேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

"ஐயா, வேணும்னா என்னை அடிச்சுக்கங்க," என்றார் மூட்டைக்காரர். "மூட்டை தூக்குற உடம்பு. எத்தனை வேணும்னாலும் தாங்கும்."

"உங்க வயசுப் பிரிவுல இப்பப் போட்டி இல்லைங்களே," என்றார் டாக்டர்.

சோப்பு எழுந்து சிறிய வட்டத்துக்குள் வந்து நின்றாள். அப்பாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அடிச்சிருங்கப்பா. ஒண்ணுதானே. எத்தனை பேர்கிட்ட வாங்கியிருக்கேன், உங்ககிட்ட வாங்குறதுக்கென்ன. நான் கண்ணை மூடிக்கிறேன்."

அவர் அடித்தார்.

"இது தடவல்," என்றார் டாக்டர்.

மறுபடி அடித்தார்.

"பாசம் கலந்திருக்கு. கணக்குல வராது."

மேசைக்குப் பின்னால் யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூட்டைக்காரரின் தோளிலிருந்து ஏதோ இறங்கிக் கைக்கு வந்தது. அந்தக் கோபமெல்லாம் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் மேல்தான். ஆனால் கைக்கு எதிரே இருந்தது அவள் கன்னம்.

இந்த முறை அவள் ஒத்திகை பார்த்தபடி விழவில்லை. சுழலவும் இல்லை. நின்ற இடத்திலேயே மடிந்து, சிறிய வட்டத்துக்கு வெளியே தலை இடிக்க விழுந்தாள். உதடு பிளந்து ரத்தம் சுண்ணக்கட்டிக் கோட்டை அழித்துக்கொண்டு ஓடியது. இடது கை தரையைத் துழாவி எதையோ தேடியது.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "பிரமாதம்."

"ஆக, தேர்வு," என்றார் தலைவர். "வாழ்த்துகள். தரையைத் துடைக்கச் சொல்லுங்க. அடுத்த கூட்டம் இருக்கு."

துடைக்க ஆள் வந்தது. வாளியோடும் துடைப்பத்தோடும் வந்தவள் சோப்புவின் அம்மா. வாசலில் ஒரு கணம் நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள். மகளைத் தூக்கிச் சுவரோரம் உட்காரவைத்து, சீருடையின் நுனியால் வாயை ஒற்றி எடுத்தாள். பிறகு தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். பெரிய வட்டத்துக்குள் அவள் புருஷன் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"தள்ளி நில்லுங்க," என்றாள். "ஈரம்."

வெளிநாட்டுப் போட்டியில் சோப்புவுக்கு நடுத் தடம் கிடைத்தது. இடது காது அன்றிலிருந்து அடைத்தே கிடந்ததால், தொடக்க ஒலி கேட்பதற்காகத் தலையை ஒருபுறம் சாய்த்து மேடையில் நின்றாள். இது புதிய பாணி என்று டாக்டர் பத்திரிகைக்காரர்களிடம் விளக்கினார். அந்த மாதக் கடைசிக்குள் நாட்டின் எல்லாக் குளங்களிலும் பிள்ளைகள் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். சாய்க்க மறந்தவர்களுக்குக் கெண்டைக்காலில் விழுந்தது.

அவள் குதித்தாள். முதல் பாதியிலேயே பக்கத்துத் தடங்களில் அவளுக்கு இணையாக ஆள் இல்லாமல் போயிற்று. கரையில் கழி மாஸ்டர் வெறுங்கையோடு நடந்துகொண்டிருந்தார். கழியை விமானத்தில் அனுமதிக்கவில்லை. சோப்புவுக்கு அது தெரியுமோ என்னவோ. சுவரைத் தொட்டபோது தன் சாதனையையே உடைத்திருந்தாள்.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். வீடும் சம்மேளனமும் கைகோத்தால் வானமும் வசப்படும் என்றார். மூட்டைக்காரரைச் சம்மேளனச் செலவிலேயே கூட்டி வந்திருந்தார்கள். ஆமையினுடையதைப் போன்ற நீலச் சட்டை அவருக்கும் மாட்டியிருந்தார்கள். தோளில் தையல் விட்டிருந்தது. "இதோ அந்தத் தகப்பன்" என்று அவரை முன்னால் தள்ளினார்கள்.

சோப்பு ஏணியில் ஏறி, தண்ணீர் சொட்டச் சொட்ட நேரே அவரிடம் வந்தாள். சிரித்துக்கொண்டுதான் வந்தாள். அவர் அவள் தலையைத் தொடுவதற்காகக் கையைத் தூக்கினார்.

அவள் சட்டென்று குனிந்து முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"பாருங்க, பாருங்க," என்று டாக்டர் தலைவரின் கையைப் பிடித்து உலுக்கினார். "என்ன வேகம். தொடக்கத்துல இன்னும் எவ்வளவு குறைக்கலாம் தெரியுமா."

சோப்பு முழங்கையை இறக்கினாள். அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "சும்மாப்பா. பழக்கம்," என்றாள்.

"ஆமா கண்ணு," என்றார் அவர்.

படம் எடுக்கிறவர் இருவரையும் சேர்த்து நிறுத்தினார். "அப்பா, பொண்ணு தோள்ல கையைப் போடுங்க."

மூட்டைக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுக்கிறவர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். கை வெளியே வரவில்லை.

"விடுங்க, அப்படியே எடுங்க," என்றார் தலைவர். "எவ்வளவு பணிவான மனுஷன்."